ஸ்பானிய வரவு செலவுச் சொற்களுக்கு எந்த ஆங்கிலம்?

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் ஒரு நகராட்சியுடைய ஆண்டுக் கணக்கறிக்கையை ஆங்கிலத்தில் எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது. செலவு அட்டவணையில் ஒரு பத்திக்கு 'ஒப்லிகசியோனெஸ் ரெகொனொசிதாஸ்' என்று தலைப்பு. 'ரெகக்னைஸ்டு ஆப்ளிகேஷன்ஸ்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். சொல்லுக்குச் சொல் பொருந்தியது. படித்தவர் ஓர் அமெரிக்க நிதி ஆய்வாளர். "இந்தச் சாலைகளைப் போட்டு முடித்துவிட்டார்களா, ஒப்பந்தம் மட்டும்தான் ஆகியிருக்கிறதா?" என்று அவரிடமிருந்து கேள்வி வந்தது.

ஸ்பானிய மூலத்தில் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. பொருள் வந்து சேர்ந்து, அல்லது வேலை முடிந்து, 'இந்தத் தொகையை நாங்கள் தர வேண்டும்' என்று நகராட்சி முறைப்படி ஒப்புக்கொண்ட பிறகுதான் அந்தப் பத்தியில் எண் ஏறும். அமெரிக்கக் கூட்டரசின் கணக்கிலோ ஆர்டர் கொடுத்தாலே, ஒப்பந்தம் கையெழுத்தானாலே அது ஆப்ளிகேஷன். சாலை போடப்பட்டதா என்பது வேறு கதை. என் மொழிபெயர்ப்பு ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. ஆனால் பணத்தை ஒரு படி பின்னால் தள்ளிவிட்டது.

அன்று முதல் இத்தகைய வேலை வரும்போதெல்லாம் முதலில் ஒரு முடிவை எடுக்கிறேன்: எந்த ஆங்கிலத்தில் எழுதுவது? நான்கு வழிகள் உண்டு. ஸ்பானியச் சொல்லை ஒட்டியே எழுதுவது ஒன்று. பிரிட்டனின் அரசு நிதிச் சொற்களைக் கையாள்வது இரண்டாவது, அமெரிக்கச் சொற்களைக் கையாள்வது மூன்றாவது. ஐரோப்பிய ஒன்றியமும் பன்னாட்டு நாணய நிதியமும் பல மொழிகளுக்கு நடுவில் உருவாக்கி வைத்திருக்கும் பொது ஆங்கிலம் நான்காவது. நான்கையும் கையாண்டிருக்கிறேன். என் சார்பு நான்காவது வழியின் பக்கம். ஆனால் அதிலும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதை அறியாமல் நடப்பவர் கட்டாயம் விழுவார்.

ஒப்பிடுவதற்கு முன், பணம் ஸ்பெயினில் எப்படி நகர்கிறது என்று பார்த்துவிட வேண்டும். உள்ளாட்சி நிதிக்கான 2004ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு செலவுக்கு நான்கு படிகளைச் சொல்கிறது. முதல் படி அவுதொரிசாசியோன்: இன்ன காரியத்துக்கு இவ்வளவு வரை செலவிடலாம் என்ற ஒப்புதல். அடுத்தது திஸ்போசிசியோன் அல்லது கொம்ப்ரொமிசோ: இன்ன ஆளுக்கு, இன்ன தொகைக்கு என்று வாக்குக் கொடுத்துக் கட்டுப்படுவது. மூன்றாவது, நான் தடுமாறிய ஒப்லிகசியோன்: கடமை பிறந்ததை ஒப்புக்கொள்வது. நான்காவது, பணத்தைக் கொடுக்கச் சொல்லும் ஆணை. அதற்குப் பிறகே காசு கைமாறும். மைய அரசுக்கான 2003ஆம் ஆண்டுப் பொது நிதிநிலைச் சட்டமும் ஏறத்தாழ இதே ஏணியைத்தான் வைத்திருக்கிறது, முதல் படிக்கு மட்டும் பெயர் வேறு. ஆக ஒவ்வொரு சொல்லும் ஏணியில் ஓர் இடம். ஆங்கிலத்தில் வரும் சொல் அதே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் என் உரைகல்.

சொல்லை ஒட்டி எழுதும் முதல் வழி நேர்மையானதுபோலத் தோன்றும். மொழிபெயர்ப்பாளர் தன் கருத்தைத் திணிக்கவில்லை என்ற நிம்மதி அதில் கிடைக்கும். ஆனால் இத்துறையில் அது மிக விரைவாக ஏமாற்றும் வழி. 'கிரெதித்தோ' என்பதை 'கிரெடிட்' என்று எழுதினால் ஆங்கில வாசகர் கடன் என்று படிப்பார். ஸ்பானிய நிதிநிலைச் சட்டத்தில் கிரெதித்தோ என்பது ஒதுக்கீடு, ஆங்கிலத்தில் அப்ராப்ரியேஷன். தமிழில் இந்தத் தொல்லை இல்லை, ஒதுக்கீடு என்றாலே நமக்கு விளங்கிவிடுகிறது. ஆண்டு நடுவில் நாடாளுமன்றம் தரும் 'கிரெதித்தோ எக்ஸ்த்ரா ஓர்தினாரியோ'வை 'எக்ஸ்ட்ரார்டினரி கிரெடிட்' என்று எழுதினால், நாடு எங்கோ போய் அவசரக் கடன் வாங்கியதாக ஒருவர் முடிவு கட்டக்கூடும். 'எஹெர்சிசியோ' என்பது நிதியாண்டு. அதை 'எக்சர்சைஸ்' என்று எழுதிய ஆவணங்களை நானே திருத்தியிருக்கிறேன்.

ஒட்டி எழுதுவதில் என்னை அதிகம் வருத்துவது 'ப்ரோரோகா' என்ற சொல். ஸ்பெயின் அரசமைப்பின் 134ஆவது பிரிவின்படி, புது ஆண்டின் முதல் நாளுக்குள் நிதிநிலைச் சட்டம் நிறைவேறாவிட்டால் பழையது தானாகவே நீண்டுவிடும். இது ஏட்டில் மட்டும் உள்ள ஏற்பாடு அல்ல. 2018ஆம் ஆண்டுக்கான நிதிநிலைச் சட்டம் 2020 முடியும்வரை நாட்டை ஓட்டியது. 2023க்கானது 2024இலும் 2025இலும் தொடர்ந்தது. ஆகவே இந்தச் சொல் வராத ஸ்பானிய நிதி ஆவணம் இப்போது அரிது. இதை 'ப்ரோரோக்டு பட்ஜெட்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ப்ரோரோக் என்பது நாடாளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைப்பது. நீட்டிப்பதைச் சொல்ல வந்த இடத்தில் நிறுத்திவைப்பதைச் சொல்லிவிடுகிறது அந்த மொழிபெயர்ப்பு.

சரி, ஒட்டி எழுத வேண்டாம், வாசகரின் நாட்டுச் சொல்லையே எடுப்போம் என்றால் அங்கே வேறு வகைச் சிக்கல். இதே ப்ரோரோகாவுக்கு அமெரிக்கர் 'கண்டினியூயிங் ரெசல்யூஷன்' என்பார். இந்திய ஆங்கிலம் பழகியவருக்கு 'வோட் ஆன் அக்கவுன்ட்', அதாவது நம் இடைக்கால நிதி ஒப்புதல், நினைவுக்கு வரும். இரண்டும் தவறு. அமெரிக்காவில் காங்கிரஸ் அதற்கென ஒரு சட்டம் இயற்ற வேண்டும். இயற்றாவிட்டால் அலுவலகங்கள் மூடப்படும். இந்தியாவில் மக்களவை வாக்களிக்க வேண்டும். ஸ்பெயினில் யாரும் எதற்கும் வாக்களிப்பதில்லை, டிசம்பர் 31 நள்ளிரவு கடந்தால் போதும். வாசகருக்குப் பழகிய சொல்லைக் கொடுக்கப்போய், நடக்காத ஒரு வாக்கெடுப்பை நடந்ததாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே எனக்குப் பிடித்தது 'ரோல்டு ஓவர் பட்ஜெட்', அல்லது 'தானாக நீட்டிக்கப்பட்டது' என்று விளங்கும்படியான எளிய ஆங்கிலத் தொடர்.

பிரிட்டிஷ் வழிக்கு உரிய மதிப்பைத் தர வேண்டும். ஆண்டு முடிவில் உண்மையில் எவ்வளவு ஆயிற்று என்பதைக் குறிக்க அங்கே புழங்கும் 'அவுட்டர்ன்' என்ற சொல்லுக்கு ஈடு வேறு எங்கும் இல்லை. ஓர் ஒதுக்கீட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தொகையை மாற்றுவதற்கு 'விரமென்ட்' என்ற சொல் உண்டு.  ஆனால் அமெரிக்கருக்கு அது வேற்றுமொழி. தில்லியிலும் சென்னையிலும் அரசுக் கணக்குத் தெரிந்தவர்கள் அதையே 'ரீஅப்ராப்ரியேஷன்' என்பார்கள். வாசகர் இந்திய நிதித் துறையைச் சேர்ந்தவர் என்று உறுதியாகத் தெரிந்தால் நான் அதைத்தான் எழுதுவேன்.

பிரிட்டிஷ் வழியில் எனக்கு உடன்பாடில்லாத இடம், 'பட்ஜெட்' என்ற அடிப்படைச் சொல்லே. லண்டனில் பட்ஜெட் என்றால் நிதியமைச்சர் வரிகளை அறிவிக்கும் நாள். துறைகளின் செலவுக்கு அனுமதி 'எஸ்டிமேட்ஸ்' என்ற தனிப் பாதையில் போகிறது. ஸ்பெயினின் நிதிநிலைச் சட்டமோ வரவு மதிப்பீட்டையும் செலவு வரம்பையும் ஒன்றாகச் சுமப்பது. அதோடு, அது புதிய வரி எதையும் உருவாக்கக் கூடாது என்று அரசமைப்பே தடுக்கிறது. முன்பே உள்ள வரியை மாற்றவும் அந்த வரிச் சட்டம் இடம் கொடுத்திருக்க வேண்டும். பிரிட்டிஷ் வாசகர் முதலில் எதிர்பார்ப்பது எதுவோ, ஸ்பானியச் சட்டம் செய்ய முடியாதது அதுவே. 'பட்ஜெட்' என்ற சொல்லைத் தவிர்க்க முடியாது. ஆனால் முதல் முறை வரும்போது ஒரே ஒரு விளக்க வாக்கியம் சேர்க்காமல் நான் கடந்துபோவதில்லை.

அமெரிக்க வழியின் பலம் அப்ராப்ரியேஷன், அவுட்லே என்ற இரண்டு தெளிவான சொற்கள்: முதலாவது அனுமதி, இரண்டாவது வெளியே போன பணம். பலவீனம் நடுவில் இருக்கிறது. அமெரிக்க ஆப்ளிகேஷனுக்கு நேரான ஸ்பானியச் சொல் கொம்ப்ரொமிசோ. ஒலி ஒத்த ஒப்லிகசியோனுக்கு அடுத்த படியில் இடம். 'ஃபிஸ்கல் இயர் 2023' என்பதும் அமெரிக்கருக்கு அக்டோபரில் தொடங்கும் ஆண்டு. ஸ்பெயினில் அது ஜனவரியிலிருந்து டிசம்பர். மாதங்களையும் சேர்த்து எழுதிவிடுவது நல்லது.

இனி நான்காவது வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி விதிமுறை ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் சம மதிப்புள்ள மூலமாக இருப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். ஒன்றியத்தின் சொல்லடைவான இயாட்டேயில் தேடவும் செய்யலாம். கொம்ப்ரொமிசோவுக்குக் 'கமிட்மென்ட்', கிரெதித்தோவுக்கு 'அப்ராப்ரியேஷன்' என்று அங்கே நிலைத்துவிட்டது. எந்த ஒரு நாட்டின் அரசியல் சடங்கையும் இந்த ஆங்கிலம் சுமக்கவில்லை என்பது அதன் பெரிய வசதி.

பள்ளம் எங்கே என்றால், ஒன்றியத்தின் ஏணியும் நான்கு படிகளே, பெயர்கள்தான் குழப்பும்: கமிட்மென்ட், வேலிடேஷன் (கொடுக்க வேண்டியதைச் சரிபார்த்து உறுதிசெய்வது), ஆத்தரைசேஷன், பேமென்ட். இந்த ஆத்தரைசேஷன் மூன்றாம் படி. பணத்தைக் கொடு என்ற ஆணை. ஸ்பானிய நகராட்சியின் அவுதொரிசாசியோனோ முதல் படி, செலவைத் தொடங்கலாம் என்ற அனுமதி. ஐரோப்பியச் சொல்லடைவை நம்பி ஒருவர் ஒலி ஒத்த சொல்லை எடுத்தால், ஒரு ரூபாய்கூடச் செலவாகாத திட்டம் பணம் பட்டுவாடாவுக்கு நிற்பதுபோல் ஆகிவிடும். நான் முதல் படிக்கு 'எக்ஸ்பெண்டிச்சர் அப்ரூவல்' என்று எழுதி, ஆத்தரைசேஷன் என்ற சொல்லை ஆவணம் முழுவதிலும் விலக்கிவிடுகிறேன்.

'லிகிதாசியோன்' இன்னும் கடினம். ஐரோப்பிய விதிமுறையின் ஸ்பானிய வடிவத்தில் அது மேலே சொன்ன வேலிடேஷன். உள்நாட்டில் 'நிதிநிலையின் லிகிதாசியோன்' என்றால் ஆண்டு முடிந்ததும் திட்டத்தையும் நடந்ததையும் ஒப்பிட்டுக் கணக்கை முடிப்பது; நகராட்சிகள் இதை அடுத்த ஆண்டு மார்ச் 1க்கு முன் தயாரிக்க வேண்டும். வரி அலுவலகத்தில் அதே சொல் வரி நிர்ணயம். அதனால்தான் குடிமக்கள் தாமே கணக்கிட்டுச் செலுத்துவது 'அவுதோலிகிதாசியோன்', ஆங்கிலத்தில் செல்ஃப் அசெஸ்மென்ட். இவை எதற்கும் 'லிக்விடேஷன்' பொருந்தாது, ஏனென்றால் ஆங்கிலத்தில் அது நிறுவனத்தைக் கலைத்து விற்பது. ஒரு நகராட்சி தன் நிதிநிலையை லிக்விடேட் செய்தது என்று படிக்கும் முதலீட்டாளர் என்ன நினைப்பார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நிதிநிலைக்கு 'அவுட்டர்ன்' அல்லது 'இயர்-எண்ட் செட்டில்மென்ட்', வரிக்கு 'அசெஸ்மென்ட்'. ஒரே ஆவணத்தில் இரண்டும் வந்தால் இரண்டும் வேறாகவே இருக்கட்டும்.

நகராட்சிக் கணக்கில் பொருட்செறிவு மிக்க சொல் 'ரெமனெந்தே தே தெசொரெரியா'. கருவூல மிச்சம் என்பது நேர்ப்பொருள். ஆகவே 'கேஷ் சர்ப்ளஸ்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். அதன் கணக்கைப் பார்த்தால் கை நின்றுவிடும்: கையிருப்பு, அதோடு இன்னும் வசூலாகாத வரவுகள், அதிலிருந்து கொடுக்க வேண்டிய பாக்கிகளைக் கழிப்பது. பிறகு வசூலாவது ஐயம் என்ற தொகையையும், குறிப்பிட்ட காரியத்துக்கென்றே வந்த நிதியில் மிஞ்சியதையும் கழித்தால் வருவது பொதுச் செலவுக்கான ரெமனெந்தே. பெட்டியில் பணமே இல்லாதபோதும் இந்தக் கணக்கு மிச்சத்தைக் காட்டலாம். 2020இல் இந்தத் தொகைகளை மைய அரசுக்குக் கடனாகத் தர வழிசெய்த அவசரச் சட்டத்தை ஸ்பானியக் கீழவை செப்டம்பர் 10 அன்று நிராகரித்தது. அந்தச் சண்டையைப் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்ப்பவர் இதைக் 'கேஷ்' என்று எழுதினால், நகரங்கள் நோட்டுக்கட்டுகளைப் பூட்டி வைத்திருந்ததாக ஆகிவிடும்.

இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் நான் அமெரிக்க வழிக்குப் போகிறேன். அங்கே நகராட்சிக் கணக்கியல் தரம், எதற்கும் ஒதுக்கப்படாத மிச்சத்தை 'அன்அசைன்டு ஃபண்ட் பேலன்ஸ்' என்கிறது. பொதுச் செலவுக்கான ரெமனெந்தேவுக்கு அது மிக அருகில் வருகிறது. முழு ஈடு இல்லை. ஆகவே ஸ்பானியப் பெயரையும் முதல் இடத்தில் சாய்வெழுத்தில் தந்து, கணக்கிடும் முறையை அடிக்குறிப்பில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்.

பன்னாட்டு நாணய நிதியத்தின் சொற்கள் புள்ளிவிவரப் பகுதிகளில் கைகொடுக்கும். 'நெசெசிதாத் தே ஃபினான்சியாசியோன்' என்பதை 'ஃபைனான்சிங் நீட்' என்று எழுதினால், சந்தைக்காரர் முதிரும் பழைய கடனையும் சேர்த்த மொத்தத் தேவை என்று எடுத்துக்கொள்வார். அது உண்மையில் 'நெட் பாரோயிங்', அதாவது பற்றாக்குறை. ஸ்பானிய நிதிநிலையின் மொத்தச் செலவில் ஒன்பதாம் தலைப்பான கடன் அசல் திருப்பிக் கொடுப்பதும் அடங்கும் என்பதையும் இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும். முதல் 7 தலைப்புகளே நிதிசாராச் செலவு. ஐரோப்பியக் கணக்கு முறையின் ஸ்பானியச் சுருக்கம் எஸ்இசி. அதை அப்படியே விட்டால் அமெரிக்கர் தம் நாட்டுப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் என்று படிப்பார். ஆங்கிலத்தில் அது இஎஸ்ஏ.

நிறுவனப் பெயர்களில் முதல் வழியையும் நான்காவது வழியையும் கலக்க வேண்டியிருக்கிறது. 'திரிபுனால் தே குவெந்தாஸ்' தணிக்கை மட்டும் செய்வதில்லை, பொதுப் பணத்துக்குப் பொறுப்பானவர்களை விசாரித்துத் தீர்ப்பும் சொல்கிறது. அதை 'நேஷனல் ஆடிட் ஆஃபீஸ்' என்று பிரிட்டிஷ் வழியில் எழுதினால் பாதி அதிகாரம் காணாமல் போகும்; 'கோர்ட்' என்ற சொல் இருந்தே ஆக வேண்டும். 'இந்தெர்வென்சியோன்' என்பது அரசுக்குள்ளேயே இருந்து செலவைச் சரிபார்க்கும் அலுவலகம். 'இன்டர்வென்ஷன்' என்றால் ஏதோ தலையீடு. 'கம்ப்ட்ரோலர்' என்பதே தகும். அந்த அலுவலகம் செலவுக்கு முன் செய்யும் சோதனையும், திரிபுனால் பிறகு செய்யும் தணிக்கையும் ஸ்பானியத்தில் ஒரே 'ஃபிஸ்கலிசாசியோன்'. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களாகப் பிரிக்காமல் தீராது.

எண்களில் சொல்லைவிடப் புள்ளி ஆபத்தானது. 2023க்கான செலவு உச்சவரம்பை ஸ்பானியப் பத்திரிகைகள் 198.221 மில்லியன் யூரோ என்று அச்சிட்டன. அங்கே புள்ளி ஆயிரத்தைப் பிரிப்பது. அப்படியே ஆங்கிலத்தில் விட்டால் ஏறத்தாழ 19,822 கோடி யூரோ வெறும் 20 கோடிக்கும் கீழே சுருங்கிவிடும். 'பிய்யோன்' என்பது ஆங்கில பில்லியன் அல்ல, ட்ரில்லியன். நமக்கு இது எளிது: மில் மிய்யோனெஸ் என்பது 100 கோடி, பிய்யோன் என்பது சரியாக ஒரு லட்சம் கோடி. நான் இன்றும் எல்லா எண்களையும் ஓரத்தில் தமிழ்க் கணக்கில் எழுதிப் பார்த்த பிறகே ஆங்கிலத்தில் எழுதுகிறேன்.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் இந்த முடிவுகளில் பாதியை மீண்டும் எடுக்க வேண்டும். கொலம்பியாவில் ஒதுக்கீட்டுக்கே 'அப்ரோபியாசியோன்' என்று பெயர். அமெரிக்கச் சொல் பழுதின்றிப் பொருந்துகிறது. நிதியாண்டு அங்கே 'விஹென்சியா'. மெக்சிகோவின் நிதியமைச்சகப் பெயரில் உள்ள 'கிரெதித்தோ புப்ளிகோ' ஒதுக்கீடு அல்ல, உண்மையிலேயே அரசுக் கடன்தான். மாட்ரிட்டில் பழகிய கை அதைத் திருத்தப் பார்க்கும், திருத்தக் கூடாது. அதே நாட்டில் 'சுபெஹெர்சிசியோ' என்றால் ஒதுக்கிய பணத்தைச் செலவிடாமல் விட்டது. மாநிலங்களுக்குப் போகும் 'பார்த்திசிபாசியோனெஸ்' தடையின்றிச் செலவிடக்கூடியவை, 'அபோர்தாசியோனெஸ்' இன்ன காரியத்துக்கென்று கட்டப்பட்டவை. இரண்டையும் 'டிரான்ஸ்ஃபர்ஸ்' என்று ஒரே சொல்லில் அடைத்தால், மெக்சிகோவின் மாநில அரசியலில் எதற்காகச் சண்டை நடக்கிறது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

எனவே என் தேர்வு இப்படி இருக்கும். வாசகர் யாரென்று தெரியாத அறிக்கை, ஆய்வுக் கட்டுரை, பன்னாட்டு நிறுவனங்களுக்குப் போகும் ஆவணம் ஆகியவற்றுக்கு ஐரோப்பிய, நாணய நிதியச் சொற்களே அடித்தளம். அமெரிக்கக் கடன்தர மதிப்பீட்டாளருக்கு அப்ராப்ரியேஷன், அவுட்லே, ஃபண்ட் பேலன்ஸ். ஆனால் ஆப்ளிகேஷன் என்ற சொல் எங்கும் தலைகாட்டாது. பிரிட்டிஷ் உள்ளாட்சியோடு ஒப்பிடும் ஆய்வுக்கு அவுட்டர்ன், விரமென்ட். நீதிமன்றத்துக்கோ நடுவர் மன்றத்துக்கோ போகும் ஆவணத்தில் மட்டும் ஸ்பானியச் சொல்லையே முன்னால் நிறுத்தி ஆங்கிலத்தை அதன் பின்னால் வைப்பேன். அங்கே சொல்லின் உரு மாறினால் சட்டப் பிரிவைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த நகராட்சி அட்டவணையை அடுத்த ஆண்டு மீண்டும் செய்தேன். பத்திகளின் தலைப்புகளை இம்முறை 'தொடக்க ஒதுக்கீடு', 'திருத்திய ஒதுக்கீடு', 'ஒப்பந்தமான தொகை', 'பணி பெற்று ஒப்புக்கொண்ட தொகை', 'செலுத்திய தொகை' என்று பொருள்படும் ஆங்கிலத்தில் அமைத்தேன். நான்காவது தலைப்பு கொஞ்சம் நீளம். வடிவமைப்பாளர் பத்தியை அகலப்படுத்த வேண்டியிருந்தது. ஆய்வாளரிடமிருந்து சாலைகளைப் பற்றிக் கேள்வி வரவில்லை. மூன்றாவது பத்திக்கும் நான்காவதுக்கும் இடையே ஏன் இவ்வளவு வித்தியாசம், வேலைகள் ஏன் இவ்வளவு தாமதம் என்று இம்முறை நகராட்சியைக் கேட்டிருந்தார்.